ஆளுயரச் சுரூபம் சூளையில் வெடிக்கிறது: பொலோனியாக்காரர் எப்படிச் சுட்டார்?

சூளைக்காரன், வில்லியனூர்:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குச் சுடுமண் வேலைதான். ஐயனார் கோயில் குதிரை, யானை, தோட்டத்து பொம்மை, கொலு நேரத்தில் சின்ன உருப்படிகள் என்று பிழைப்பு ஓடுகிறது.

கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், கடலூர்ப் பக்கத்துப் பங்குச் சாமியார் ஒருவர் வந்தார். செல்போனில் ஒரு படம் காட்டினார். செத்துப்போன இயேசு கிடக்கிறார். அவரைச் சுற்றி ஆறு பேர். அதில் நான்கு பேர் பெண்கள். ஒருத்தி வாயைத் திறந்து அலறிக்கொண்டே ஓடி வருகிறாள். "இத்தாலியில் பொலோனியா என்கிற ஊரில் இருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இது கல் இல்லை தம்பி, உன் மண்தான். பெரிய வெள்ளிக்கு எனக்கு மூன்று பெண்கள், ஒரு இயேசு, ஆளுயரத்தில் செய்து கொடு" என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. முன்பணம் வாங்கிவிட்டேன்.

தை பிறந்ததும் சோதனைக்கு வியாகுல மாதாவை இடுப்பு வரைக்கும் செய்தேன். மூன்றரை அடி. பன்னிரண்டு நாள் நிழலில் காயவிட்டு, வரட்டியும் வைக்கோலும் தென்னை மட்டையும் போட்டு மூட்டினேன். மூன்றாவது மணி நேரத்தில் உள்ளே பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மறுநாள் பிரித்துப் பார்த்தால் முதுகு முழுக்கச் சில்லு சில்லாக இருந்தது. கழுத்து தனியாக விழுந்து கிடந்தது. முகம் மட்டும் முழுசாக மேலே பார்த்துக்கொண்டிருந்தது, அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

அப்பா பக்கத்தில் வந்து நின்று, "குதிரைக்கு வயிறு பானை, கால் குழாய். மனுஷனுக்கு எதுடா பானை?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதற்குப் பதில் இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் கேள்வி: அந்த ஆள் முழுச் சிலையாகவா சுட்டார்? அவர் யார்? நேரில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? மாசி பிறந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, இன்னொரு சூளை மூட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

முத்தியால்பேட்டை மணி:

தம்பி, ஃபைபரில் செய்து மண் கலர் அடித்துவிடுங்கள். எடை இல்லை, வெடிக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது. இத்தாலிக்காரர்கள் செய்ததெல்லாம் மார்பிள். சாமியார் எதையோ பார்த்துவிட்டு மண் என்று நினைத்துக்கொண்டார்.

நெல்லித்தோப்பு தையல் டீச்சர்:

மணி சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாமியார் சொன்னதுதான் சரி. அது மண்தான். அந்தச் சிலைகளுக்கு முன்னால் இருபது தடவையாவது நான் நின்றிருப்பேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பொலோனியாவில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆறு மாதம் போய் இருந்தேன். பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், இதுதான் என் வேலை. சிலை பார்க்கவெல்லாம் நான் போகவில்லை. ஆனால் மதியத்தில் பேத்தி தூங்க மாட்டாள், தள்ளுவண்டியில் போட்டு உருட்டினால்தான் கண்ணை மூடுவாள். அந்த ஊர் அதற்கென்றே கட்டியது போல இருக்கும். தெருவின் இரு பக்கமும் வீட்டோடு சேர்ந்த தூண் வைத்த நடை. நம் புதுச்சேரி வைசியாள் தெரு வீடுகளின் தாழ்வாரத்தை ஊர் முழுக்க இழுத்துக் கட்டினால் எப்படியிருக்கும், அப்படி. பழைய ஊருக்குள் மட்டுமே 38 கிலோமீட்டர். மழையோ வெயிலோ, ஒரு சொட்டு மேலே விழாமல் வண்டியை உருட்டலாம்.

ஊர் நடுவில் பெரிய சதுக்கம், அதை ஒட்டி மார்க்கெட் சந்துகள். மீன், கீரை, பழம், பன்றித் தொடை என்று நம் பெரிய மார்க்கெட் மாதிரியே நெரிசல். அந்தச் சந்து ஒன்றில் ஒரு கோயில், சாந்தா மரியா தெல்லா வீத்தா. 'வீத்தா' என்றால் வாழ்வு. தக்காளி வாங்கிய பையோடுதான் முதல் தடவை உள்ளே போனேன். சிலைகளைப் பார்க்க டிக்கெட் உண்டு. வெளியே மழை, வண்டியில் பிள்ளை தூங்குகிறது, சரி போகட்டும் என்று வாங்கினேன்.

நான் இருபத்திரண்டு வருஷம் கான்வென்ட்டில் தையலும் எம்பிராய்டரியும் சொல்லிக் கொடுத்தவள். எங்கே போனாலும் என் கண் துணி மேல்தான் போகும். அங்கேயும் நான் முகங்களைப் பார்க்கும் முன்னால் துணியைத்தான் பார்த்தேன். வலது கோடியில் மதலேனாள், அதாவது மகதலா மரியாள், ஓடி வருகிறாள். மேலாடை பின்னால் பறக்கிறது. நம் பீச் ரோட்டில் எதிர்க்காற்றில் நடந்தால் புடவை ஒரு காலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மிச்சம் பின்னால் படபடக்கும் இல்லையா, மண்ணில் அதைச் செய்திருக்கிறார். அதற்கு அப்புறம்தான் அந்த வாயைப் பார்த்தேன். பையைக் கீழே வைத்துவிட்டேன்.

கிடக்கிற இயேசுவின் தலைக்குக் கீழே ஒரு தலையணை. அதில் செதுக்கிய எழுத்து இருக்கிறது, அப்பூலியாவைச் சேர்ந்த நிக்கோலாவின் வேலை என்று. அப்பூலியா இத்தாலியின் தென்கிழக்குக் கோடி, வரைபடத்தில் அந்த நாடு பூட்ஸ் மாதிரி இருக்குமே, அதில் குதிகால் இருக்கும் இடம். அங்கிருந்து வடக்கே பிழைக்க வந்தவர். இப்போது அவரை நிக்கோலோ தெல்லார்க்கா என்கிறார்கள். 'ஆர்க்கா' என்றால் பேழை. அதே ஊரில் புனித தொமினிக் அடக்கமான கோயில் இருக்கிறது. அந்தக் கல்லறைப் பேழைக்குப் பளிங்கில் மேல்மூடி செய்யும் வேலை 1469இல் இவருக்கு வந்தது. நம்மிடம் தேர் செய்தவர் குடும்பத்துக்கே தேர்க்காரர் வீடு என்று பெயர் நின்றுவிடுமே, அதுபோல இவருக்குப் பேழைக்காரர் என்றே பெயராகிவிட்டது. ஆக, மணி சார், அவருக்கு மார்பிளும் தெரியும். அழுகிறவர்களைச் செய்யும்போது மண்ணைத்தான் எடுத்திருக்கிறார். அந்தப் பக்கமெல்லாம் செங்கல் ஊர்தான், நல்ல பளிங்கு வேண்டுமென்றால் தூரத்திலிருந்து வர வேண்டும்.

அந்தப் பேழையை அவர் முடிக்கவில்லை. 1494இல் இறந்துவிட்டார். விட்டுப்போன சின்னச் சிலைகள் மூன்றை அந்த ஊருக்கு வந்திருந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையன் செய்து கொடுத்தான். அவன்தான் மைக்கேலாஞ்சலோ. மெழுகுவர்த்தி ஏந்திய இரண்டு தேவதூதர்கள் எதிரெதிரே மண்டியிட்டிருப்பார்கள். ஒன்று நிக்கோலோ செய்தது, மெலிந்த பெண்பிள்ளை போல இருக்கும். மற்றது மைக்கேலாஞ்சலோ செய்தது, மூட்டை தூக்கும் பையன் போல கட்டுமஸ்தாக இருக்கும். எனக்கு நிக்கோலோவுடையதுதான் பிடித்தது. உலகமே மற்றதைப் போட்டோ எடுக்கிறது.

ஆள் எப்படி என்று கேட்டால், அந்த ஊர்த் துறவி ஒருவர் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்த குறிப்பு இருக்கிறது. நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. பிடிவாதக்காரர், காட்டு மனுஷன், யாரையும் கிட்டே சேர்க்க மாட்டார், சிநேகிதர்கள் சொல்லும் புத்தியும் ஏறாது, பல நேரம் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் இருந்தார், ஒரு சீடனைக்கூட வைத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை என்கிறது குறிப்பு. இதை மகள் படித்துச் சொன்னபோது, "அப்பா மாதிரி" என்றாள். இறந்துபோன என் வீட்டுக்காரரைச் சொன்னாள். இருக்கட்டும்.

இதே காலத்தில் பக்கத்து மோதெனாவில் குவிதோ மாத்சோனி என்று இன்னொருவர் இருந்தார். அவரும் ஆளுயரத்தில் மண்ணில் இதே காட்சியைச் செய்தவர். ரயிலில் அரை மணி நேரம், அதையும் போய்ப் பார்த்தேன். அதில் வர்ணம் நன்றாக இருக்கிறது, ஊர்க்காரர்களையே பிடித்து உட்கார வைத்தது போல முகங்கள். அவர் மனைவிக்கும் மகளுக்கும் தொழில் தெரியும், கூடவே வேலை செய்தார்கள். கடைசியில் பிரெஞ்சு ராஜா கூட்டிக்கொண்டு போய் நல்ல மரியாதை கொடுத்தார். பிழைக்கத் தெரிந்தவர். ஆனால் மோதெனாவில் நான் ஒரு தடவைதான் நின்றேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுசாகச் சுடவில்லை. ஆளுயர மண் சிலைகளை அந்த ஊர்ப் பக்கம் செய்த வழி இதுதான்: உருவத்தை முழுசாகப் பிடித்துவிட்டு, கொஞ்சம் இறுகியதும் அறுத்து, உள்ளே குடைந்து மண்ணை எடுத்துவிட்டுத் துண்டு துண்டாகச் சுடுவார்கள். பிறகு சேர்த்து ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் வர்ணம் பூசுவார்கள். பொலோனியாச் சிலைகளுக்கும் வர்ணம் இருந்தது. இப்போது பெரும்பாலும் போய்விட்டது, அங்கங்கே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஒட்டு எங்கே வைப்பது என்பதைத் தையல்காரியிடம் கேளுங்கள். துணியில் இணைப்பை நாங்கள் எங்கே வைப்போம்? மடிப்புக்குள்ளே. அந்த நான்கு பெண்களின் தலைத்துணியைப் பாருங்கள். மோவாய்க்குக் கீழே சுற்றி வந்து கழுத்தை மூடுகிறது. இடுப்புக்கு மேலே ஒரு கட்டு, அதற்குக் கீழே மடிப்பு மடிப்பாக விழுகிறது. அந்த மடிப்புக்குள் ஒரு வெட்டை வைத்தால் யார் கண்டுபிடிப்பது? உங்கள் மாதாவின் கழுத்து தனியாக விழுந்தது என்றீர்களே, விழட்டும். முதலிலேயே தனியாக வைத்திருந்தால் விழுந்திருக்காது.

மாதாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் நம் புடவையையே கட்டிவிடுங்கள் என்பது என் யோசனை. கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவைத் தமிழ்ப் பெண்ணாக நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். அவரே இத்தாலிக்காரர்தான். புடவை உங்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கும் தெரியுமா? இடுப்பு ஒட்டு கொசுவத்துக்குள் போய்விடும். கை ஒட்டு ரவிக்கைக் கையின் ஓரத்தில் நின்றுவிடும். கழுத்து ஒட்டு முக்காட்டுக்குள். முந்தானையைத் தனியாகவே சுட்டுத் தோளில் மாட்டலாம். அப்பா கேட்டதற்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. மனுஷனுக்கு எது பானை என்றால், புடவைதான் பானை. கால் இரண்டையும் மறந்துவிடுங்கள். கொசுவத்திலிருந்து கீழே அது ஒரு பெரிய குதிர்.

முகங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்தக் கோயிலை நடத்திய சபை பக்கத்திலேயே மருத்துவமனையும் நடத்தியது. அதாவது இந்தச் சிலைகளைப் பார்க்க வந்தவர்கள் நோயாளிகள், நோயாளியைக் கொண்டுவந்து விட்ட வீட்டார். அழுகையைப் பார்த்தறியாதவர்கள் இல்லை. அதனால் அவர் பொய்யாக ஒன்றும் செய்ய முடியாது. ஒருத்தி இரண்டு கையாலும் தன் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மாதா கையைக் கோத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். இயேசுவின் சீடர் அருளப்பர் மோவாயில் கை வைத்தபடி சத்தமே இல்லாமல் நிற்கிறார். ஒருத்தி கண்ணால் பார்க்க முடியாமல் இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டித் தடுக்கிறாள். மதலேனாள் ஓடி வருகிறாள். இடது கோடியில் மண்டியிட்டவர் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு செத்தவரைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறார். ஆணி பிடுங்கிய வேலை முடிந்தது, இனி என்ன என்பது போல.

என் தாய் வீடு கடலூரில் கடலோரம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நான் போய்ச் சேர்ந்தபோது மதியம். பிள்ளைகளைத் தேடி ஓடிய பெண்களை அன்றைக்குப் பார்த்தேன். புடவை எங்கே போகிறது என்று ஒருத்திக்கும் தெரியாது. மதலேனாளின் துணியைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பகல்தான் வந்தது. நம் ஊரில் துக்க வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்து கைகளை மட்டும் பாருங்கள் தம்பி. முகம் தானாக வரும்.

விருத்தாசலம் பீங்கான்:

டீச்சரம்மா சொன்னதை வெட்டவோ ஒட்டவோ எனக்கு ஒன்றுமில்லை. சூளைப் பக்கம் மட்டும் சொல்கிறேன், முப்பது வருஷமாக அதில்தான் கிடக்கிறேன்.

உங்கள் மாதா வெடித்தது நெருப்பால் இல்லை, தண்ணீரால். பன்னிரண்டு நாள் போதாது, அதுவும் மழை விட்ட கையோடு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், தடித்த இடத்தின் நடுவில் ஈரம் நிற்கும். 100 டிகிரி தாண்டியதும் அது ஆவியாகி வெளியேற வழி தேடும். வழி இல்லையென்றால் வெடிக்கும். முதுகு சிதறி முகம் தப்பியது என்றால், முகத்தை உள்ளே குடைந்திருக்கிறீர்கள், முதுகை அப்படியே கனமாக விட்டிருக்கிறீர்கள். சரிதானா?

சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக, ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும். மண்ணில் உமி போடுவீர்கள், அது சரி. பழைய சுட்ட ஓடுகளை இடித்துச் சலித்த தூளையும் நாலில் ஒரு பங்கு சேருங்கள். ஏற்கெனவே சுட்டது மறுபடி சுருங்காது, மொத்தச் சுருக்கத்தையும் குறைக்கும். பச்சை மண் காய்ந்து சுடுவதற்குள் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். ஐந்தரை அடி மாதா ஐந்தடியாகத்தான் வெளியே வருவாள், அளவை முதலிலேயே கூட்டி வையுங்கள். ஒரு உருவத்தின் துண்டுகளை எல்லாம் ஒரே நாள் பிசைந்த மண்ணில் செய்து, ஒரே சூளையில் சுடுங்கள். இல்லையென்றால் இடுப்பு ஒரு அளவு, கொசுவம் வேறு அளவு என்று வந்து நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணில் படாத இடத்தில் காற்றுத் துளை வேண்டும்.

முதல் இரவு முழுக்கச் சுள்ளியில் சின்னத் தீ மட்டும். ஒரு எவர்சில்வர் தட்டைச் சூளை வாய்க்கு மேலே பிடியுங்கள். தட்டில் வியர்வை பூத்தால் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, தீயை ஏற்றாதீர்கள். தட்டு உலர்ந்து நின்ற பிறகுதான் வரட்டி. இன்னொரு ஆபத்தான இடம் 573 டிகிரி. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அங்கே திடீரென்று பருக்கும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அதனால் சூளையை அவசரமாகப் பிரிக்கக் கூடாது. மறுநாளே பிரித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று நாள் விடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள்.

காகிதக்கூழ், திருக்கனூர்:

நடுவில் நானும் கொஞ்சம். உங்கள் வில்லியனூர் சுடுமண்ணுக்கும் எங்கள் திருக்கனூர் காகிதக்கூழுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் நாம் பேசிக்கொள்வதே இல்லை.

மூன்று பெண்களும் ஒரு இடத்தில் நிற்பார்கள், மண்ணாக இருக்கட்டும். ஆனால் பெரிய வெள்ளி அன்று இயேசு நிற்க மாட்டார், தூம்பா என்கிற சவப் பல்லக்கில் வைத்துத் தோளில் தூக்கித் தெருச் சுற்றுவார்கள். ஆளுயர மண் இயேசுவை யார் தூக்குவது? ஒரு ஆள் இடறினால் போதும்.

டீச்சர் சொன்ன நிக்கோலோவின் அதே அப்பூலியாவில் லெச்சே என்று ஒரு ஊர். அங்கே கோயில் சுரூபமே காகிதத்தில்தான் செய்வார்கள், சில நூறு வருஷமாக. கம்பியும் வைக்கோலும் வைத்துக் கட்டிய உள் உருவம், அதன் மேல் பசை தடவிய காகிதம் அடுக்கடுக்காக. காய்ந்ததும் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியால் துணி மடிப்புகளைத் தீய்த்துத் தீய்த்து அழுத்துவார்கள். நாங்கள் இங்கே அதைச் செய்வதில்லை, படித்ததும் ஒரு பொம்மையில் செய்து பார்த்தேன், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அப்புறம் வெள்ளைச் சுண்ணப் பூச்சு, வர்ணம். ஊர்வலத்தில் தூக்கத்தான் இவ்வளவும். இயேசுவாகவே செய்துகொண்டிருந்த ஒருவருக்கு அந்த ஊரில் 'இயேசுக்களின் பேதுரு மேஸ்திரி' என்றே பட்டப்பெயர். இப்போது கோட்டைக்குள் காகித வேலைக்கென்று தனி மியூசியமே இருக்கிறது.

தலை, கை, பாதம் நீங்கள் மண்ணில் கொடுங்கள். உடம்பை நான் காகிதத்தில் செய்கிறேன். இடுப்புத் துணிதான் டீச்சர் சொல்லும் அந்த மடிப்பு. இரண்டு பேர் தூக்கினால் போதும்.

முத்தியால்பேட்டை மணி:

மார்பிள் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் காகிதம் போடலாமாம், ஃபைபர் மட்டும் ஆகாதாம்!

நெல்லித்தோப்பு தையல் டீச்சர்:

மணி சார், ஃபைபர் ஆகாது என்று நான் சொல்லவில்லை. மண் கலர் அடிப்பதுதான் ஆகாது. ஃபைபரை ஃபைபராக விடுங்கள்.

திருக்கனூர் தம்பி சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது. ஒன்று மட்டும்: பாதத்தை மண்ணில் செய்தால், முத்தி செய்ய, அதாவது பாதத்தை முத்தமிட, வருகிற கூட்டத்தில் முதலில் விரல்தான் போகும். பாதத்தின் அடியில் சணல் துணி ஒட்டிவிடுங்கள்.

சூளைக்காரன், வில்லியனூர்:

ஒரு மாதத்துக்கு மேலாக எழுத நேரம் கிடைக்கவில்லை, மன்னிக்கவும். பீங்கான் ஐயா, முதுகைப் பற்றி நீங்கள் சொன்னது அப்படியே சரி. உடைந்த சில்லை அளந்து பார்த்தேன், முகம் முக்கால் அங்குலம், முதுகு மூன்று அங்குலம்.

இந்தத் தடவை மாதாவை ஐந்து துண்டாக அறுத்தேன். கொசுவத்துக்குள் இடுப்பு, முக்காட்டுக்குள் கழுத்து, ரவிக்கை ஓரத்தில் இரண்டு கை, முந்தானை தனி. அறுக்கும்போது அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். செய்து முடித்த முகத்துக்குக் கீழே கம்பியைப் போட்டு இழுப்பது எனக்கும் சுலபமாக இல்லை. காயவிட்டது இருபத்தாறு நாள். வெயில் நன்றாக இருந்தது. எவர்சில்வர் தட்டு வேலை செய்கிறது. விடியற்காலை நாலரை மணிக்குத்தான் உலர்ந்தது. அது வரைக்கும் அப்பாதான் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் பிரித்தோம். முந்தானை ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி எல்லாம் முழுசு. இடுப்பு கொசுவத்தில் உட்காரும்போது ஒரு நூல் அளவு இடைவெளி இருக்கிறது, சுண்ணாம்பு வைத்துச் சரி செய்துவிடலாம். மற்ற இரண்டு பெண்களும் இப்போது காய்ந்துகொண்டிருக்கிறார்கள். இயேசுவின் தலையையும் கையையும் அடுத்த வாரம் திருக்கனூருக்குக் கொண்டுபோகிறேன்.

டீச்சரம்மா, துக்க வீட்டுக்குப் போய்க் கையைப் பார்க்கச் சொன்னீர்கள். போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு சாவு. எங்கள் அத்தை அழவே இல்லை. தன் முழங்கை இரண்டையும் பிடித்துக்கொண்டு, குளிர்கிற மாதிரி நின்றார். இரண்டாவது பெண்ணுக்கு அந்தக் கைதான் வைத்திருக்கிறேன். மாதா படம் கீழே போட்டிருக்கிறேன், பாருங்கள்.

நெல்லித்தோப்பு தையல் டீச்சர்:

பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். கொசுவம் நன்றாக விழுந்திருக்கிறது, ஏழு மடிப்பு எண்ணினேன். முகத்தைப் பற்றி நேரில் வந்து சொல்கிறேன்.

ஆனால் தம்பி, முந்தானை வலது தோளில் கிடக்கிறதே? இங்கே எந்தப் பொம்பளை அப்படிப் போடுகிறாள்? மற்ற இரண்டு பேரும் இன்னும் பச்சை மண்தானே, அவர்களையாவது மாற்றிவிடுங்கள்.

சூளைக்காரன், வில்லியனூர்:

இடது தோள்தான் அம்மா. மாதா பக்கத்தில் நானும் நின்று செல்ஃபி கேமராவில் எடுத்தேன், படம் திரும்பி விழுந்திருக்கிறது. என் சட்டைப் பாக்கெட்டைப் பாருங்கள்.